கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நாடகம்

எங்கள் மன்றத்தில் எது முக்கியமோ அது கடைசியில்தான் வரும். இது மன்றத்தின் சட்டதிட்ட யாப்பில் எழுதி வைத்த விதி இல்லை, ஆனாலும் யாரும் மீறினதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, ஞாபகச் சின்னம், பிறகு விட்டுப்போன யாரோ ஒருவருக்கு இன்னொரு உரை, எல்லாம் முடிந்து மண்டபத்தில் பாதி நாற்காலி காலியான பிறகு நாடகம். கேட்டால் தலைவர் சொல்வார்: "கல்யாணப் பந்தியில பாயசத்த மொதல்லயா ஊத்துறாங்க?" பாயசம் வரும்போது பந்தியில் ஆளே இல்லையென்றால் என்ன செய்வது என்று நானும் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பதுளையில் இருக்கும் அந்தக் கலாமன்றத்தில் சம்பளத்துக்கு இருப்பது நான் மட்டும்தான். பதவியின் பெயர் இணைப்பாளர். காலையில் கதவைத் திறப்பேன், கூட்டுவேன், நடன ஆசிரியை வராத நாளில் பெற்றோரிடம் பேச்சு வாங்குவேன், உதவி தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன். நிர்வாகசபையில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் டவுனில் கடை வைத்திருப்பவர்கள், எல்லாரும் சம்பளமில்லாமல் சேவை செய்பவர்கள். அதை அவர்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள் என்பதையும் ஞாபகப்படுத்துவார்கள், ஆனால் அன்பாக. "நம்ம பிள்ளைதான்" என்பார்கள்.

மன்றம் தொடங்கியது அவர்களுடைய பிள்ளைகளுக்காக. தலைவரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை பரதமும் வாய்ப்பாட்டும். நவராத்திரிக்கு அரங்கேற்றம் மாதிரி ஒன்று. பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் சனிக்கிழமையை டியூஷன் தின்றுவிட்டது. நடன வகுப்பு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிப் போன சமயத்தில்தான் உதவி நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். டவுன் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் உதவி இல்லையாம். தோட்டத்துப் பெண்களோடு ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டார்கள். தலைவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் செய்கிறோம் என்றார். அன்றைக்குச் செய்யவில்லை. அடுத்த மாதத்திலிருந்து செய்ய ஆரம்பித்தேன், நான்.

அப்படிச் சேர்ந்ததுதான் நாடகக் குழு. ஹாலிஎலயைத் தாண்டி மேலே ஏறும் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன் பெண்கள். எல்லாரும் கொழுந்து பறிப்பவர்கள். ஆண் வேஷமும் அவர்களே கட்டுவார்கள், மீசையை மையால் வரைந்துகொண்டு. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேல்மாடியில். சந்தைக்குப் போகிறேன் என்றால் எந்தப் புருஷனும் வேண்டாமென்று சொல்லமாட்டான், அதனால் ஞாயிறு. மரக்கறிப் பைகளைப் படிக்கட்டில் வரிசையாக வைத்துவிட்டு மேலே வந்து நடிப்பார்கள். சில ஞாயிறுகளில் லொறி வந்து பாதிப் பேரை வெலிமடைப் பக்கம் கூலிக்கு உருளைக்கிழங்கு கிண்ட ஏற்றிக்கொண்டு போய்விடும். வராதவளுடைய பங்கை வந்தவள் பேசுவாள். இப்படியே போய் எல்லாருக்கும் எல்லாருடைய வசனமும் பாடமாகிவிட்டது. இதை நான் அறிக்கையில் 'நெகிழ்வான பயிற்சி முறை' என்று எழுதினேன். உதவி நிறுவனத்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப் போனது.

அவர்கள் குடியிருக்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளின் வாசலில் மட்டும் அவர்கள் நடித்ததேயில்லை. டவுனில் மண்டபத்தில் நடித்தால் அது கலை, லயத்து வாசலில் நடித்தால் அது ஆட்டம். "கோயில் கமிட்டிக்காரங்க வாயில யாரு விழுறது" என்பார்கள். டவுனில் விழா என்றால் புருஷன்மாரும் வருவார்கள். சொந்த வாசலில் பொண்டாட்டி மீசை வைத்துக்கொண்டு நின்றால் அவர்களுக்கு மானம் போய்விடும்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் முக்கிய வேஷம் எப்போதும் அவளுக்குத்தான். ஆள் பார்க்க ஒல்லி, குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் கோபமாகப் பேசினால் ஜனங்களுக்குச் சிரிப்பு வரும், அது அவளுக்கு வாய்த்தது. புருஷன் மேசன் வேலை. மூத்தது பெண், ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படிக்கிற வயசு. இளையது பையன், இடுப்பை விட்டு இறங்காத ரகம். வருஷா வருஷம் விழாவுக்குப் புருஷன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவான். பேச்செல்லாம் கேட்பார்கள். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போய்விடுவார்கள். மகளிடம் ஒரு தடவை, "அம்மா எப்படி நடிக்கிறாங்க?" என்று சும்மா கேட்டேன். "நல்லா நடிக்குமாம்" என்றது.

நடிக்குமாம். கேள்விப்பட்டதோடு சரி.

ஒத்திகையைக் காட்டலாமே என்றால் அவள் சம்மதிக்கமாட்டாள். "அரைகுறையா பாத்தா என்னாக்கா மதிப்பு? வேஷத்தோட, லைட்டோட, முழுசா பாக்கட்டும்" என்பாள். அதில் அவளுக்கு ஒரு வீம்பு.

வாடகைக்கு பஸ் பிடித்துக் கொடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ரோட்டில் மண்மேடு சரிந்த பிறகு வாடகை பஸ்காரர்கள் யாரும் மேலே வர ஒத்துக்கொள்வதில்லை. அரசாங்கத்து சீடீபி பஸ் ஒன்றுதான் போகும், அதற்கும் பழக்கமான டிரைவர் வேண்டும், அவரும் பனி இறங்குவதற்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பார். நடிக்கிற பெண்கள் விழா முடிந்து என் வீட்டில் பாய் விரித்துப் படுத்துவிட்டு காலை பஸ்ஸில் போவார்கள். பார்க்க வருகிற ஜனங்கள் அத்தனை பேரையும் படுக்க வைக்க என் வீடு என்ன மடமா?

சென்ற வருஷ நாடகம் அவர்களாகவே சேர்ந்து கட்டியது. லயத்தில் ஒரு பெண், எல்லா வேலையும் செய்கிறாள், எல்லாரிடமும் பேச்சு வாங்குகிறாள். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு எங்கேயோ போய்விடுகிறாள். அது முதல் பாதி. அவள் இல்லாமல் வீடு படும் பாடும், அவள் திரும்பி வருவதும் இரண்டாம் பாதி. முழுக்க முழுக்கச் சிரிப்பு.

விழாவுக்குச் சில கிழமை இருக்கும்போது ஒத்திகை முடிந்து மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு அவள் படிக்கட்டில் நின்றாள்.

"அக்கா, நான் வெளிநாடு போறேன். விழா முடிஞ்ச கையோட."

வீட்டு வேலைக்கு. ஏஜென்சியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஏன் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அவர்களுடைய லயம் இருக்கும் இடம் ஆபத்தான இடம் என்று அளந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மண்சரிவில் லயத்தோடு ஜனங்கள் புதைந்துபோன மீரியபெத்தவை நினைத்துக்கொண்டே அங்கே ஜனங்கள் மழை நாளில் உட்கார்ந்திருப்பார்கள். வேறு இடத்தில் காணித்துண்டு கிடைத்தாலும் அதில் வீடு எழும்ப வேண்டுமே.

"நம்மகிட்ட எத்தனை பேரு போயிட்டாங்க, அதப் பத்தி பேச ஒன்னுமில்லக்கா" என்றாள். "மூத்தவ ஒரு தடவையாச்சும் முழு நாடகத்தையும் பாத்துறணும். எங்கம்மா யாருன்னு அதுக்குத் தெரியணும். மத்ததெல்லாம் நான் போன்ல பேசிக்குவேன்."

சரி என்றேன். இந்த ஒரு விஷயத்துக்காக நான் நிர்வாகசபையில் சண்டை பிடிக்கப் போகிறேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

சண்டை கடையின் பின்னறையில் நடந்தது, சேலைக் கட்டுகளுக்கு நடுவில். நாடகத்தை முதலில் போடுவோம், உரைகளையெல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம் என்றேன்.

"நாடகத்த மொதல்ல போட்டா பிரதம அதிதி வந்து என்னாத்தப் பாப்பாரு?" என்றார் தலைவர்.

"ஐயா, அவரு என்னைக்காவது நேரத்துக்கு வந்திருக்காரா?"

"வரமாட்டாருன்னுதானே நம்ம நேரத்த முந்திப் போட்டுக் குடுக்குறோம்."

"நம்ம முந்திப் போடுறோம்னு அவருக்கும் தெரியுமே, அதனாலதானே அவரு பிந்தி வர்றாரு."

பொருளாளர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மேல்மாடியை இத்தனை காலம் எங்களுக்குச் சும்மா விட்டிருப்பவர். பிரதம அதிதியாக அழைக்கப்பட்டவர் மாகாணத்தில் பெரிய பதவியில் இருந்தார், அவர் தலையசைத்தால்தான் மண்டபம் கிடைக்கும். தலைவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். விழா நடத்துவதென்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான். கடைசியில் இப்படி முடிவாயிற்று: அழைப்பிதழில் வழக்கமான நேரமே இருக்கட்டும், அதற்கு முன்னாலேயே, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலைவரே விளக்கை ஏற்றிவிடுவது, உடனே நாடகம், அதிதி வழக்கம்போலப் பிந்தி வந்ததும் மற்றதெல்லாம்.

"உன் விருப்பத்துக்கு விட்டுட்டேன்ம்மா. நாளைக்கு ஏதும் கொறை வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

விழா நாள் காலையில் பனி. பெண்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அவர்களோடு கொண்டு வந்த கதவொன்று இருந்தது, பலகையில் நிலை அடித்து அவள் புருஷன் செய்து கொடுத்தது. அவன் மத்தியானம் பிள்ளைகளோடு வந்தான். மகள் பாடசாலைக்குப் போகிற மாதிரி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. நான் அவர்களை மூன்றாம் வரிசையில் நடுவில் உட்கார வைத்தேன். அது அழைக்கப்பட்டவர்களுக்கான வரிசை. யாராவது எழுப்ப வந்தால் என்னைக் கூப்பிடச் சொன்னேன்.

தலைவர் விளக்கை ஏற்றினார். மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்தது, அவர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். திரை விலகியது.

நான் நாடகத்தைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்தில் நின்று அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாயைத் திறந்தபடி இருந்தது, சிரிக்கவேயில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரிக்கும்போது திரும்பித் திரும்பி அவர்களைப் பார்த்தது. பிறகு மேடையில் அவள் மீசை வரைந்த புருஷனைத் திட்டினாள், "கூட்டாளின்னு ஒரு கோடாலிக்காம்ப நீ கூட்டிட்டு வந்தாலும் அதுக்கும் தேத்தண்ணி ஊத்தணும் நான்" என்று. பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அப்பா குனிந்துகொண்டான். அப்போதுதான் அது சிரித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சாக இருக்க வேண்டும்.

அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். திரை மூடியது. கைதட்டல்.

இரண்டாம் பாதிக்குச் சாமான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் நாதஸ்வர ரெக்கார்ட் போட்டார்கள். எனக்கு விளங்கவேயில்லை. யார் என்று எட்டிப் பார்த்தால், பிரதம அதிதி.

என்றைக்கும் நேரத்துக்கு வராத மனுஷன் அன்றைக்குப் பார்த்து, அழைப்பிதழில் போட்டிருந்த நேரத்துக்கே வந்து இறங்கினார். வேறு ஏதோ கூட்டம் இரத்தாகிவிட்டதாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்று சொல்வார்கள், அந்தத் தாழியை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் தானாக நடந்தது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். திரை திறந்தது. மேடையில் இருந்த லயத்து வீட்டை ஒரு பக்கம் தள்ளினார்கள், கதவை அணைத்துத் தூக்கி ஓரத்தில் சாத்தினார்கள், குஷன் நாற்காலிகள் வந்தன. விளக்கு மறுபடியும் ஏற்றப்பட்டது. இந்தத் தடவை மெழுகுவர்த்தி அணையவில்லை.

அதிதி நல்லவிதமாகத்தான் கேட்டார், சிங்களத்தில், நாடகம் நடந்துகொண்டிருந்ததா, எனக்காக நிறுத்தினீர்களா, நான் கீழேயே உட்கார்ந்து பார்க்கிறேனே என்று. தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் வந்த பிறகுதான் ஐயா எல்லாமே என்றார். அதிதி பேசியதும் கொஞ்சம்தான். பெண்கள் முன்னேற வேண்டும், கலை வளர வேண்டும், நன்றி. அதைத் தமிழில் சொல்ல எழுந்தது தலைவர். அதிதி சொன்ன ஒரு வரிக்கு இவர் பத்து வரி கட்டினார். அவர் சொல்லாத குறளெல்லாம் அவர் சொன்னதாக வந்தது. அதிதியே ஒரு கட்டத்தில் தன் பேச்சு இவ்வளவு நீளமா என்று ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எங்கே இருந்தேன் என்றால், மேடையில். பொன்னாடைத் தட்டு என் கையில் இருந்தது. ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க நான் தட்டை நீட்ட வேண்டும். அங்கிருந்து மண்டபம் முழுக்கத் தெரியும். பின்வரிசை முதலில் எழுந்தது. பிறகு நடுவரிசை. குடை, பை, தூங்கிப்போன பிள்ளை என்று அள்ளிக்கொண்டு ஜனங்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். சத்தம் போடாமல், குனிந்தபடி, பெரியவர் பேசும்போது எழுந்து போகிறோமே என்ற கூச்சத்தோடு.

மூன்றாம் வரிசையில் புருஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பையனைத் தோளில் தூக்கினான். மகள் எழும்பவில்லை. அவன் கையைப் பிடித்தான், அது நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. அவன் ஏதோ சொன்னான். பிள்ளை மேடையின் ஓரத்தைப் பார்த்தது. அங்கே அவள் நின்றாள், வேஷத்தோடு, தள்ளி வைத்த கதவுக்குப் பக்கத்தில். நானும் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் மகளைப் பார்த்துக் கையை மெல்ல அசைத்தாள், போ என்று. பஸ்ஸை விட்டால் அப்பா என்ன செய்வார், போ.

பிள்ளை போனது.

தட்டை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கலாமே என்று என் தங்கச்சி கேட்டாள், பிறகு. அவள் கையில் ஒரு நாளும் பொன்னாடைத் தட்டு இருந்ததில்லை. நான்கு பேருக்குப் போர்த்தியாயிற்று, ஐந்தாவது ஆள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இறங்க முடியாது.

இரண்டாம் பாதி நடந்தது. பார்த்தவர்கள் டவுன் ஆட்கள், நிர்வாகசபை, அதிதி, உதவி நிறுவனத்திலிருந்து வந்த ஒரு அம்மா. நன்றாகச் சிரித்தார்கள். அவள் அன்று நடித்த மாதிரி அதற்கு முன்னால் நடித்ததில்லை. எனக்கு அதுவும் கோபமாக இருந்தது. அதிதி கடைசிவரை இருந்து, எழுந்து நின்று கைதட்டினார். தலைவர் என்னிடம் வந்து, "பாத்தியா, எவ்வளவு சிறப்பா முடிஞ்சிச்சு, நீ ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?" என்றார். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

மண்டபத்துப் பின்னறையில் அவள் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தேன்.

"விடுங்கக்கா, நீங்க என்னா செய்வீங்க" என்றாள். மறு கன்னத்தையும் துடைத்தாள். "எம்மக, அம்மா கதவச் சாத்திட்டுப் போறத மட்டும் பாத்துட்டுப் போயிருச்சு. நான் போறதுக்கு முன்னாடி அதையா பாக்கணும் அது."

மற்றப் பெண்கள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மீசை வரைந்திருந்தவள் அதை அழிக்காமலே, "வர்ற ஞாயித்துக்கெழம நம்ம லயத்துலயே மிச்சத்தப் போட்டுருவோம்" என்றாள்.

"கமிட்டிக்காரங்க?"

"கமிட்டிக்காரங்க வந்து பாக்கட்டும். மாலை போட்டு உக்கார வைப்போம்."

அந்த அறையில் அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அதற்குத்தான். அவளும் சிரித்தாள். அன்று மாலையே போனில் மகளிடம் சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வாசலில் மிச்ச நாடகம், யாரும் எழும்பிப் போக வேண்டியதில்லை என்று.

ஏஜென்சிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே, கிழமை நடுவில் போன் வந்தது, டிக்கெட் முந்திவிட்டது, நாளைக்கே கொழும்பில் நிற்க வேண்டும் என்று. அவள் போகும் வழியில் பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நான் மேல்மாடியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் கொழும்பு பஸ் புறப்பட்டுவிட்டது. போனில்தான் பேசினோம். நாடகச் சேலையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனது, நாடகம் இல்லையென்று பிள்ளையிடம் நேரில் சொல்வதற்காக. போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துப் பக்கம் போனால், பெண்கள் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மீசையெல்லாம் வரைந்தாயிற்று. எப்போதும் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள் ஒருத்தி, அவளுடைய நாடகச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"என்னா இது?" என்றேன்.

"பிள்ளைக்குச் சொன்னது சொன்னதுதானே மிஸ்" என்றாள் மீசைக்காரி. "யாரு இல்லையோ அவ பங்க இருக்கிறவ பேசுறது. நமக்கு இது புதுசா?"

விளக்கு இல்லை, மைக் இல்லை, வரவேற்புரை இல்லை. ஜனங்கள் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், பார்க்கவில்லை என்ற மாதிரி. பிள்ளை தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தது. ரிப்பன் இல்லை. பின்னலும் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே, தானே போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அப்பா பக்கத்தில்.

ஆரம்பித்தார்கள். மேடையில் சாத்திய கதவுக்குப் பதில் பிள்ளையின் வீட்டுக் கதவே இருந்தது. அவள் இல்லாத வீட்டில் புருஷன் ரொட்டி சுட்டான், கருகியது. சீனி டின்னைத் தேடினான், உப்பைப் போட்டான். பக்கத்து வீட்டுக்காரி வந்து துக்கம் விசாரித்துவிட்டுக் கடன் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கேட்டாள். சாமியாடி ஒருத்தர் வந்து கிழக்கே போயிருக்கிறாள் என்று குறி சொன்னார், நிச்சயமா என்று கேட்டதற்கு மேற்கும் பரவாயில்லை என்றார். லயம் முழுக்கச் சிரித்தது. பிள்ளையும் சிரித்தது. தம்பியின் கையைப் பிடித்துத் தட்டிக் காட்டியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு திரும்பி வருகிற இடம். மண்டபத்தில் அவள் ஜனங்களுக்கு நடுவிலிருந்து வந்தாள். இங்கே சேலை கட்டியவள் ரோட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தாள், கையில் பையோடு. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசல் பலகையில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைத்தாள். காலை நீட்டிக்கொண்டாள். நாடகத்தின் கடைசி வசனம் அவளுடையது:

"ஒரு தேத்தண்ணி இருக்கா?"

மண்டபத்தில் இந்த இடத்தில்தான் பெரிய சிரிப்பு வந்தது. இத்தனை காலம் யாரும் அவளுக்கு ஊற்றிக் கொடுத்ததில்லை. புருஷனும் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விறைத்து நிற்பார்கள், தேயிலை டின் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, திரை மூடிவிடும். இங்கே திரை இல்லை. விறைத்து நின்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

பிள்ளை தம்பியைத் தூக்கி அப்பா மடியில் வைத்தது. எழுந்து, நடிக்கிறவர்களுக்கு நடுவால் நடந்து, வீட்டுக்குள் போய்விட்டது.

அழப் போகிறது என்றுதான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பான், பாதி எழும்பிவிட்டான். உள்ளே டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்க் மூடி திருகுகிற சத்தம். கரண்டி கலக்குகிற சத்தம். வாசலில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. நடித்தவர்கள் எப்படி நின்றார்களோ அப்படியே நின்றார்கள், கலைந்து போகவும் தெரியாமல்.

பிள்ளை கோப்பையோடு வெளியே வந்தது. சூடு என்று ஒரு துணித் துண்டால் பிடித்திருந்தது. சேலை கட்டியவளிடம் நீட்டியது. இன்னொரு கையில், தொட்டுக்கொண்டு குடிக்கச் சீனி.

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் எல்லாருடைய வசனமும் தெரியும், இதற்கு வசனம் இல்லை. கோப்பையை வாங்கினாள். உள்ளங்கையில் சீனியை வாங்கினாள். குடித்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும், கண்ணில் தண்ணீர் வந்தது, கீழே வைக்காமல் குடித்தாள்.

பிள்ளை நகரவில்லை. பக்கத்திலேயே நின்றது.

"குடிச்சிட்டுத் தாங்க" என்றது. "கழுவி வைக்கணும்."